புல்லோடு படுத்துக் கிடக்கும் தீசியம்: அடையாளம் காண்பது எப்படி?

தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்மேடுகளில் தீசியம் ஹ்யூமிஃபூசம் என்ற சிறு படர்செடியைத் தேடுபவர்கள் பலமுறை அதை மிதித்தே தாண்டிவிடுகிறார்கள். காரணம், அவர்கள் பூவைத் தேடுகிறார்கள். பூவோ எள்ளளவு, சுமார் 3 மி.மீ. முதலில் நிறத்தைத் தேடுங்கள்: சுற்றியுள்ள புல்லைவிட மஞ்சள் கலந்த பச்சை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நல்ல வெயில் நாளில் போங்கள். தெற்கு நோக்கிய சரிவு, மெல்லிய மண், ஆடும் முயலும் ஒட்ட மேய்ந்த பழைய தரை. இவைதான் இதன் இடம். உழுது மறுபடி புல்லாக்கிய நிலத்துக்கு இது எளிதில் திரும்பாது. புல் உயர்ந்த இடத்திலும் நிழலில் அமுங்கிவிடும். ஜெர்சி, கெர்ன்சி தீவுகளில் மணல்மேடுகளிலும் உண்டு.

மண்டியிட்டு உட்காருங்கள். ஒரே வேரடியிலிருந்து நாலாபக்கமும் 20 செ.மீ. வரை தரையோடு படரும் தண்டுகள் தெரியும். இலைகள் ஊசிபோல் ஒடுங்கி, ஒற்றை நரம்போடு, மாற்றி மாற்றி அமைந்திருக்கும். இனி பத்து மடங்கு கைலென்ஸ் வேண்டும். பூ வெளியே பச்சை, உள்ளே வெள்ளை, ஐந்து முனை நட்சத்திரம். அதன் அடியில் மூன்று சிற்றிலைகள், ஒன்று மட்டும் நீளம். இதைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். காய் வரிவரியாக, பச்சைக் கொத்தமல்லி விதையைச் சிறிதாக்கியதுபோல், உச்சியில் வாடிய பூவோடு நிற்கும்.

குழப்புவது இரண்டு செடிகள். அஸ்பெருலா சினாங்கிகாவுக்கு இதழ் நான்கு, இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக இருக்கும். லைனம் கத்தார்டிகமுக்கு ஐந்து வெள்ளை இதழ்கள் உண்டு. ஆனால் இலைகள் எதிரெதிராக இருக்கும், தண்டு நிமிர்ந்து நிற்கும்.

கணக்கெடுக்கும்போது தண்டுகளை எண்ணாதீர்கள். எண்ணிக்கை பலமடங்கு கூடிவிடும். வேரடிகளை எண்ணுங்கள், முடியாவிட்டால் திட்டுகளின் பரப்பைக் குறியுங்கள்.

தோட்டத்தில் வைக்கத் தோண்டி எடுப்பது வீண். இது நம் சந்தன மரத்தின் குடும்பம். சந்தனத்தைப் போலவே பச்சையம் இருந்தும், நீருக்கும் தாது உப்புக்கும் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சும். தோண்டினால் அந்தப் பிடி அறுந்து செடி வாடிப்போகும். நில உரிமையாளர் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி இங்கிலாந்தில் குற்றமும்கூட.

செடி கிடைத்தால் உடனே எழுந்துவிடாதீர்கள். உலோக நீலக் கருமையில், வெள்ளை ஓரத்தோடு ஒரு சிறு கேடயப் பூச்சி இருக்கிறதா என்று தண்டுகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். கேந்தோஃபோரஸ் இம்ப்ரெசஸ் என்ற அந்தப் பூச்சிக்கு இங்கிலாந்தில் இந்தச் செடிதான் உணவு.