ரிவி ரெக்கோடருக்கு சிசிரிவி டிஸ்க்

வீட்டு ரிவி ரெக்கோடரின் ஹார்ட் டிஸ்க் பழுதானால், கடையில் கம்பியூட்டர் டிஸ்க் கேட்காமல் சிசிரிவி கமராவுக்குப் போடும் டிஸ்க்கைக் கேளுங்கள். வெஸ்டேர்ன் டிஜிட்டல் பேர்பிள், சீகேட் ஸ்கைஹோக் இரண்டும் அந்த வகைதான். வீடு, கடை எல்லாம் கமரா பூட்டுகிற காலம் என்பதால் யாழ்ப்பாணத்தில் இதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

ரெக்கோடர் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும், இந்த டிஸ்க்குகளும் அதற்கென்றே செய்யப்பட்டவை. சாதாரண டிஸ்க் ஓரிடத்தில் பிழை கண்டால் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும், படம் உறைந்து நிற்கும். இது சின்னப் பிழையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மெதுவாகச் சுழலும் மாடலாக எடுத்தால் சூடும் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு, மூடிய ரிவி அலுமாரிக்குள் இருக்கும் பெட்டிக்கு இதுதான் முக்கியம் என்பேன்.

வாங்கமுன் பழைய டிஸ்க்கைக் கழற்றி அளவைப் பாருங்கள். மூன்றரை அங்குலம், சாட்டா (SATA என்ற வகை) இணைப்பு என்றால் சரி. இரண்டரை அங்குலம் என்றால் இந்தக் குறிப்பு உதவாது. பழைய ரெக்கோடர்கள் பல 2 ரெராபைட்டுக்கு மேல் அடையாளம் காணாது, பெரிதாக வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். கட்டண ரிவி நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் கழற்றவே வேண்டாம், அவர்களிடமே கேளுங்கள். அப்புறம், புது டிஸ்க்கைப் போட்டதும் பல ரெக்கோடர்கள் அதை ஃபோர்மட் செய்யும், அதாவது அதிலுள்ளதை அழித்துத் தனக்கேற்ப ஆயத்தப்படுத்தும். பழைய பதிவுகளைக் கம்பியூட்டரில் கொப்பி எடுத்துப் போடலாம் என்று நம்பவேண்டாம், பல பெட்டிகள் அவற்றைப் பூட்டித்தான் வைத்திருக்கும்.