குடும்பத்தில் இரத்தக் கொதிப்பு: பரம்பரை வரலாற்றை எழுதி வைக்கும் முறை

பெற்றோருக்கு இரத்தக் கொதிப்பு உண்டா என்று மருத்துவர் கேட்கும்போது, "அம்மாவுக்கு இருந்தது" என்ற அளவில் பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறோம். எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த விடை முழுமையாகப் பயன்படும். 75 வயதில் வரும் உயர் இரத்த அழுத்தத்தில் இரத்த நாளங்கள் விறைத்துப்போவதற்குப் பெரும் பங்கு உண்டு. 40 வயதிலேயே வந்திருந்தால் பரம்பரையின் பங்கு கூடுதலாக இருக்கலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஆய்வும், பெற்றோருக்கு 55 வயதுக்கு முன்பே இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்று காட்டியது.

ஆகவே ஒரு தாளை எடுத்துப் பெற்றோர், உடன்பிறந்தோர், வயதுவந்த பிள்ளைகள் ஆகியோரை முதலிலும், தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி ஆகியோரைத் தந்தைவழி, தாய்வழி என்று பிரித்து அடுத்தும் எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் கொதிப்பு கண்டறியப்பட்ட வயது, உட்கொள்ளும் மாத்திரைகள், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, பெண்களானால் கர்ப்பகாலத்தில் வந்த இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள். மாமன் மகள், அக்காள் மகள் போன்ற சொந்தத்தில் நடந்த திருமணங்களையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் அரிய நோய்களை ஆராயும்போது மருத்துவருக்கு அது தேவைப்படும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. "தாத்தாவுக்கு ஒரு கை, கால் இழுத்துக்கொண்டதா, வாய் கோணியதா, அப்போது பெரிய அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?" என்று கேளுங்கள், பக்கவாதமா என்பதும் ஏறக்குறைய என்ன வயது என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். பீரோவில் மஞ்சள் பைக்குள் கிடக்கும் பழைய மருத்துவமனைச் சீட்டுகளையும், தினமும் விழுங்கும் மாத்திரை அட்டையையும் பார்த்து, ஆம்லோடிபின், டெல்மிசார்டன் என அதிலுள்ள மருந்தின் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் சில அடையாளங்களைத் தேடுங்கள். 30 வயதுக்கு முன்பே கொதிப்பு வந்தவர், மூன்று மருந்துகளுக்கும் அடங்காதவர், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர், இளவயதில் மூளையில் இரத்தக்கசிவு கண்டவர் என எவரேனும் இருந்தால், ஒற்றை மரபணுவின் பழுதால் வரும் வகையா என்று பார்க்க வேண்டியிருக்கும். அமெரிக்க மருத்துவர் லிடில் 1963இல் விவரித்த நோயில் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதற்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்து பயன் தராது, அமிலோரைடு என்ற மருந்து பயன் தரும் என்பதால், காரணத்தை அறிந்தால் மருந்தே மாறிவிடுகிறது. குடும்பத்தில் பலருக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் இருந்தாலும், தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென வந்துபோனாலும் தனியாகக் குறிப்பிடுங்கள். பின்னது, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டியால் வரக்கூடும். அத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரம்பரையாக வருபவை.

பெரும்பாலான குடும்பங்களில் இவற்றில் எதுவும் இராது. இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றும் அளவு பொதுவாக 1 மி.மீ. பாதரசத்துக்கும் குறைவு. சாதாரணக் கொதிப்புக்காக மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் மேற்கையில் பட்டை கட்டி அளக்கும் நல்ல பி.பி. கருவி ஒன்றை வாங்கலாம். மரபணுக்களோடு ஒரே சமையலறையின் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவையும் தலைமுறைகளுக்குப் பொதுவாக இருப்பதை மறக்கக் கூடாது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பைக் குறைப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, நாள்தோறும் நடப்பது, மதுவையும் புகையையும் விடுவது ஆகியவை பரம்பரை ஆபத்து மிகுந்தவர்களுக்கும் பலன் தருகின்றன.

பெற்றோர் இருவருக்குமோ, ஒருவருக்கு இளவயதிலோ கொதிப்பு வந்திருந்தால், 18 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்து பாருங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பே காபி, டீயை நிறுத்தி, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். வீட்டில் சராசரி 135/85ஐத் தொட்டால், அந்த அளவுகளோடு குடும்பத் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஒற்றை மரபணு நோய் எனக் குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியானால், எந்தத் தொந்தரவும் இல்லாத அண்ணன், தங்கை, பிள்ளைகளையும் தாமதிக்காமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.