வெப்பமண்டலக் காட்டில் ஆய்வு தொடங்கும் முன்: காட்டு மக்களோடு சேர்ந்து பணியாற்றும் முறை

வெப்பமண்டலக் காடுகளில் மனிதர் காலடி படாத காடு என்று ஒன்றைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. உலகின் நிலப்பரப்பில் குறைந்தது கால் பங்கு பழங்குடி மக்களின் உடைமையிலோ பராமரிப்பிலோ பயன்பாட்டிலோ இருப்பதாக 2019 இல் வெளியான உலகளாவிய பல்லுயிர் மதிப்பீட்டறிக்கை கூறியது. ஆகவே காட்டில் ஆய்வு செய்யப் போகும் எவரும் பிறர் வாழும் இடத்துக்குள்தான் நுழைகிறார். முதன்முறையாகக் களப்பணிக்குத் திட்டமிடும் ஆய்வு மாணவர்களையும் சிறிய பாதுகாப்பு அமைப்புகளையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்த விரும்புவது, ஆய்வுக் கேள்வி முடிவாவதற்கு முன்பே ஊரோடு பேசத் தொடங்க வேண்டும் என்பதைத்தான். கேள்வியையும் முறையையும் நிதியையும் தீர்மானித்துவிட்டு, வழிகாட்டவும் சுமை தூக்கவும் ஆள் கேட்டுக் கடைசியில் ஊருக்குள் போவதே பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன.

கேள்வி எங்கிருந்து வர வேண்டும்

முதல் பயணத்தைக் கருவிகள் இல்லாமல் மேற்கொள்வது நல்லது. அளவுநாடாவும் ஜி.பி.எஸ். கருவியும் கையில் இருந்தால், வந்திருப்பவர் நிலத்தை அளக்க வந்தவரோ என்ற ஐயம்தான் முதலில் எழும். நில உரிமை தீராத வழக்காக இருக்கும் இடங்களில் அந்த ஐயம் நியாயமானதும்கூட. ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசுவது முறைதான் என்றாலும் அதோடு நின்றுவிடக் கூடாது. கிழங்கும் கீரையும் விறகும் தேடிப் போகும் பெண்கள், தேன் எடுப்பவர்கள், முன்பு வேட்டையாடியவர்கள், காட்டோரத்தில் பயிரிடுபவர்கள், பருவத்துக்கு மட்டும் வந்து தங்குபவர்கள் என ஒவ்வொருவரும் அதே காட்டின் வேறு வேறு பக்கங்களை அறிந்திருப்பார்கள். ஒருவர் சொன்னதை ஊரே சொன்னதாக எடுத்துக்கொண்டால் ஆய்வு தொடக்கத்திலேயே ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

இந்தச் சந்திப்புகளில் சில எளிய கேள்விகள் போதும். உங்கள் காலத்தில் இந்தக் காட்டில் என்ன மாறியிருக்கிறது? எதைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? இதற்கு முன் வந்த ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் கண்டறிந்தது உங்களுக்குச் சொல்லப்பட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கொண்டே, ஊர் நம்மை எப்படிப் பார்க்கப் போகிறது என்பதை ஏறக்குறைய கணித்துவிடலாம்.

கேள்வி ஊரிலிருந்து வந்தால் ஆய்வு எப்படித் திசை மாறும் என்பதற்குக் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை நல்ல சான்று. அங்கே வாழும் சோலிகர்கள் நெல்லிக்காய் சேகரிப்பவர்கள். சிறு வனமகசூல் (மரம் தவிர்த்த காட்டு விளைபொருள்கள்) பற்றிய ஆய்வுகள் பொதுவாக, எவ்வளவு பறிக்கிறார்கள், பறித்த பிறகு போதிய கன்றுகள் முளைக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்கும். நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றி வலுவிழக்கச் செய்வதற்குச் சோலிகர்கள் கூறிய காரணமோ வேறு. கோடை முற்றுவதற்கு முன் சருகுக்குத் தாங்கள் இட்டுவந்த சிறு தீ தடைசெய்யப்பட்ட பிறகுதான் புல்லுருவியும் உண்ணிச்செடியும் பெருகின என்றார்கள். அந்த மலை 1974 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. தலைமுறைகளாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக இதை அப்படியே முடிவாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கத் தக்க கருதுகோள் இது. மரங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவருக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லாத கருதுகோளும்கூட.

போர்னியோ தீவின் குனுங் பலுங் தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில், மரம் வெட்டுவதை நிறுத்த உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டபோது, மருத்துவச் செலவுக்காகவே வெட்டுகிறோம் என்ற விடை திரும்பத் திரும்ப வந்தது. 2007 இல் அங்கே மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. வெட்டுவதைக் குறைத்த ஊர்களுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது, மரக்கன்றுகளையே கட்டணமாகத் தரவும் வழி இருந்தது. அடுத்த 10 ஆண்டுகளில் பூங்காவின் காடழிப்பு சுமார் 70 சதவீதம் குறைந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஊர் எழுப்பும் எல்லாக் கேள்விகளையும் ஒரே ஆய்வு தாங்காது. குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது அவர்களுடையதாக இருக்கட்டும். சாலை, பட்டா, வேலை ஆகியவற்றில் எதை உங்களால் பெற்றுத்தர முடியாதோ, அதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒப்புதல்

அரசு தரும் ஆய்வு அனுமதி வேறு, ஊர் தரும் ஒப்புதல் வேறு. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்து ஐ.நா. 2007 இல் வெளியிட்ட பிரகடனம், சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதலை வலியுறுத்துகிறது. இந்த மூன்று சொற்களையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். சுதந்திரமான ஒப்புதல் என்றால், வனத்துறை அலுவலரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. முன்கூட்டியது என்றால், ஆட்களும் கருவிகளும் வந்து இறங்கிய பிறகு கேட்கக் கூடாது. விவரம் அறிந்தது என்றால், நிதி தருபவர் யார், எதை அளப்பீர்கள், மாதிரிகள் எங்கே போகும், முடிவுகளை யார் யார் பயன்படுத்தக்கூடும், அதனால் ஊருக்கு நேரக்கூடிய பாதகம் என்ன என்பதெல்லாம் அவர்கள் பேசும் மொழியில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொன்ன அன்றே பதில் கேட்காதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் தமக்குள் பேசி முடிவெடுக்க அவகாசம் கொடுங்கள்.

காகிதத்தில் கையொப்பம் இட்டதால் நிலத்தை இழந்த அனுபவம் உள்ள ஊர்களில், கைநாட்டு கேட்பதே அச்சத்தை உண்டாக்கும். அங்கே கூட்டத்தின் முன் வாய்மொழியாகப் பெற்ற ஒப்புதலைப் பதிவுசெய்து கொள்ளலாம். ஆய்வு நெறிக்குழுக்கள் பலவும் இதை ஏற்கின்றன. பாதி ஒப்புதலும் ஒப்புதல்தான். சாமி காடு, இடுகாடு, ஊற்று ஆகிய இடங்களுக்கு வரக் கூடாது என்று சொன்னால், அந்த இடங்களை வரைபடத்தில் குறிக்காமல் விட்டுவிட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதை ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் நினைவுபடுத்துங்கள்.

மருத்துவச் செடிகள், விதைகள், மரபணு மாதிரிகள் ஆகியவற்றைத் தொடும் ஆய்வுகளில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. 1987 இல் திருவனந்தபுரம் மாவட்டத்து மலைகளில் ஆய்வுக் குழு ஒன்றுக்கு வழிகாட்டிச் சென்ற காணிக்காரர்கள் (காணிகள் என்றும் அழைக்கப்படும் பழங்குடியினர்), களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு செடியின் சிறு காய்களைத் தின்றுகொண்டே போனார்கள். அது என்னவென்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை. அதைக் கொண்டு ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்குத் தருவதென முடிவாகி, 1997 இல் அவர்களுக்கான அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டது. உயிரியல் வளங்களால் வரும் பயனைப் பகிர்வது பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறை நிறைவேறியது 2010 இல்தான் என்பதை எண்ணும்போது இது உண்மையிலேயே முன்னோடியான ஏற்பாடு. ஆயினும் காணிகள் எல்லாரும் முதலிலிருந்தே கலந்தாலோசிக்கப்படவில்லை. வைத்தியம் அறிந்த சிலர் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செடியைக் காட்டிலிருந்து பறித்து வரவும் வனத்துறை தடை விதித்தது. எனவே ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். இந்த அறிவு யார் யாருக்கு உரியது? பலன் கிடைக்கத் தேவையான மூலப்பொருளை எடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறதா?

தரவு யாருடையது

இதை முதல் மரத்தை அளப்பதற்கு முன் பேசி முடிக்க வேண்டும். பழங்குடி மக்கள் தொடர்பான தரவுகளில் கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறநெறி ஆகிய நான்கும் காக்கப்பட வேண்டும் என்ற கோட்பாடுகள் 2019 இல் வகுக்கப்பட்டன. நடைமுறையில், மூலத் தரவின் ஒரு படி ஊரில் இருக்க வேண்டும், எதை வெளியிடலாம் என்பதில் ஊருக்குக் குரல் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அரிய ஆர்க்கிட், விலையுயர்ந்த மரம், தேன்கூடு உள்ள பாறை ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிடுவது திருடர்களுக்கு வழிகாட்டுவதாகும்.

தானியங்கிக் கேமராக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புலிக்கும் மானுக்கும் வைத்த கேமராவில் விறகு எடுக்கப் போகும் பெண்களும் பதிவாவார்கள். கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில் நடந்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, கேமராக்கள் இருப்பதால் பெண்கள் காட்டுக்குள் பாடிப் பேசி நடப்பதைக் குறைத்துக்கொண்டதைப் பதிவுசெய்தது. சத்தமில்லாமல் நடந்தால் விலங்குகளை எதிர்பாராமல் நேர்கொள்ளும் ஆபத்து கூடும். கேமரா எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கு முன்பே காட்டுங்கள், ஒற்றையடிப் பாதைகளைத் தவிருங்கள், மனிதர்கள் பதிவான படங்களை யாருக்கும் தராமல் அழித்துவிடுங்கள். அந்தப் படங்களை அதிகாரிகள் கேட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

சேர்ந்து அளப்பது

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்திலிருந்து 50 ஹெக்டேர் பரப்பில், ஒரு சென்டிமீட்டர் விட்டமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு தண்டும் அடையாளமிடப்பட்டு அளக்கப்படுகிறது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். பலகை வேர் உள்ள மரமானால் வேர் முடியும் இடத்துக்கு மேலே அளந்து அந்த உயரத்தையும் குறிக்க வேண்டும். அளந்த இடத்தில் வண்ணக் கோடு இடாவிட்டால் அடுத்த முறை அளப்பவர் நாடாவைச் சற்று மேலோ கீழோ சுற்றிவிடுவார். மரம் வளர்ந்ததா, நாடா நகர்ந்ததா என்பது பிறகு தெரியாது. இவை எல்லாம் சில நாள் பயிற்சியில் கைவந்துவிடும். இலையையும் பட்டையையும் கீறிய இடத்தின் வாசனையையும் வைத்து மரத்தை அடையாளம் காண்பதற்கோ ஆண்டுகள் ஆகும். அந்தத் திறமை ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. கோஸ்ட்டா ரிக்காவின் குவானகாஸ்டே பகுதியில் 1989 முதல், சுற்றுவட்டாரத்து மக்களுக்குப் பயிற்சி அளித்து, பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்து வகைப்படுத்தும் முழுநேரக் களவல்லுநர்களாக ஆக்கினார்கள். இப்படிப்பட்டவர்களுக்குத் தினக்கூலி மட்டும் தந்து நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துக்கொள்வது நேர்மையாகாது என்பது என் உறுதியான கருத்து. முறையான ஊதியம், விபத்துக் காப்பீடு, முடிவுகளுக்கு அறிவால் பங்களித்தவர்களுக்குக் கட்டுரையில் ஆசிரியர் இடம் ஆகிய மூன்றையும் நிதி விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எந்த இடமும் எந்த உயிரும் மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அறிய, போர்னியோவின் மலினாவ் பகுதியில் 2000 ஆம் ஆண்டு வாக்கில் கையாளப்பட்ட கூழாங்கல் முறையைப் பரிந்துரைக்கிறேன். முதிர்ந்த காடு, விட்டுவைத்த பழைய கொல்லை, ஆறு, சதுப்பு, ஊர் என நிலவகைகளைப் படமாக வரைந்த அட்டைகளைத் தரையில் பரப்பி, 100 கற்களையோ விதைகளையோ ஒரு சிறு குழுவிடம் கொடுத்து, உணவுக்கு எது எவ்வளவு முக்கியமோ அதற்கேற்ப அட்டைகளின் மேல் பிரித்து வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு அதையே மருந்துக்காக, வீடு கட்டுவதற்காக, விற்பனைக்காக என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஆண்களையும் பெண்களையும், முதியவர்களையும் இளையவர்களையும் தனித்தனிக் குழுக்களாக உட்கார வைப்பது அவசியம். இல்லாவிட்டால் குரல் ஓங்கியவர் வைத்த கல்லே கடைசி வரை இருக்கும். எழுத்தறிவு தேவையில்லை என்பது இந்த முறையின் சிறப்பு. இருந்தாலும் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குக் கல்லை நகர்த்தும்போது அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்தில்தான் காரணங்கள் வெளிவரும். அதைக் குறிப்பெடுக்க மொழி தெரிந்த ஒருவர் தனியாக இருக்க வேண்டும்.

முடிவுகளைத் திருப்பித் தருவது

கட்டுரை அச்சேறுவதற்கு முன் முடிவுகள் ஊருக்குச் சொல்லப்பட வேண்டும். அவர்கள் தவறைச் சுட்டிக்காட்டினால் திருத்துவதற்கு அப்போதுதான் நேரம் இருக்கும். பெரிய எழுத்தில் அச்சிட்ட வரைபடம், பள்ளிக்கு உள்ளூர்ப் பெயர்களோடு ஒரு பறவைப் பட்டியல், உரிமைக் கோரிக்கைக்குப் பயன்படும் அளவில் ஒரு பக்க அறிக்கை போன்றவை ஆய்வேட்டின் பிரதியைவிடப் பல மடங்கு பயன்படும். ஊருக்குப் பிடிக்காத முடிவு வந்தால் அதை மறைக்கக் கூடாது. வேட்டையால் ஓர் உயிரினம் குறைந்திருக்கிறது என்றால், அதை முதலில் கேட்கும் உரிமையும் விளக்கம் தரும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டி 2011 இல் தொடங்கிய இருவாச்சிக் கூடு பாதுகாப்புத் திட்டத்தில், முன்பு வேட்டையாடிய நிஷி மக்கள் ஊதியம் பெறும் காவலர்களாக இருக்கிறார்கள். பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்ட பெட்டைக்கு ஆண் பறவை இரை கொண்டுவரும் மரத்தைக் கண்டுபிடிக்க, கீழே குவிந்த விதைகளைப் படிக்கத் தெரிந்த வேட்டைக்காரரைவிடத் தகுந்தவர் இல்லை.

களம் முடிந்து புறப்படும்போது கேமராப் பட்டைகளையும் ஆணிகளையும் கயிறுகளையும் மரங்களிலிருந்து அகற்றிவிடுங்கள். மாதிரிப் பரப்பு தொடர்ந்து அளக்கப்பட வேண்டியதானால், மரங்களின் எண் பட்டியல், வரைபடம், அளவுநாடா ஆகியவற்றை ஊரில் உள்ள குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த அளவீடு எந்த ஆண்டில், எந்த மாதத்தில், யார் பொறுப்பில் நடக்கும், ஊதியம் எந்த நிதியிலிருந்து வரும் என்பதை ஊர்க் கூட்டத்தில் சொல்லி எழுதிவைத்த பிறகே கிளம்ப வேண்டும். நிதி இன்னும் உறுதியாகவில்லை என்றால், அதையும் அதே கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.