அழகர்மலையில் நிலத்தடி நீர் எங்கே? கியூஜிஐஎஸ்-இல் முதல் வரைபடம்

மதுரையைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடினப்பாறை. மேலே சிதைந்துபோன அடுக்கிலும் உள்ளே ஓடும் வெடிப்புகளிலும்தான் அதில் தண்ணீர் நிற்கும். வெடிப்பு எங்கே, மழைநீர் தங்கி இறங்க இடம் எங்கே என்று கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் தேடுவதுதான் இந்த வேலை.

முதலில் தரவு. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு (2000 பிப்ரவரியில் விண்ணோடம் அளந்தது, 30 மீட்டர்), மேகமில்லாத பங்குனி மாதத்து சென்டினல்-2 செயற்கைக்கோள் படம், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்திலுள்ள பாறை வரைபடம். மூன்றும் இலவசம். எல்லாவற்றையும் யுடிஎம் 44 வடக்கு என்ற, மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை மண்டலத்துக்கு மாற்றுங்கள். டிகிரியிலேயே விட்டால் மலை முழுக்க செங்குத்து என்று காட்டும். (சிறுமலையை எடுப்பவர்கள் கவனிக்க: அதன் மேற்கு ஓரம் மண்டலம் 43-இல் விழும். ஏதாவது ஒரு மண்டலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.)

சரிவு ஒரு கிளிக்கில் வந்துவிடும். ஓடைகளை உயரத் தரவிலிருந்து எடுக்க, கியூஜிஐஎஸ்-க்குள் கிடைக்கும் கிராஸ் கருவியான ஆர்.வாட்டர்ஷெட் போதும். ஓடை அடர்த்தி கூடினால் தண்ணீர் இறங்காமல் ஓடுகிறது என்று பொருள், அதனால் பின்னால் அந்த இடத்துக்குத் தரும் மதிப்பெண் குறையும். பலர் தலைகீழாகப் போடுவது இங்கேதான்.

அப்புறம் லீனியமென்ட், அதாவது வெடிப்பைக் காட்டும் நேர்க்கோடுகள். இதில் அவசரமே கூடாது. மலைமேல் வெளிச்சம் விழுந்ததுபோல நிழல் காட்டும் ஹில்ஷேட் படத்தை 315, 45 டிகிரி என்று இரண்டு ஒளித்திசைகளில் போடுங்கள். ஒரே திசையில் வெளிச்சம் விழுந்தால் அதற்கு இணையான கோடுகள் மறைந்துவிடும். திடீரென நேராகத் திரும்பும் ஓடை, கோடையிலும் வரிசையாகப் பச்சை தெரியும் இடம், இவற்றைக் கையால் வரையுங்கள். ரோடு, கால்வாய், வேலி எல்லாம் கோடாகத்தான் தெரியும். சாட்டிலைட் படத்தில் பார்த்துத் தள்ளுங்கள். வரைந்ததை, கோடுகள் எங்கே நெருக்கம் என்று கணக்கிடும் லைன் டென்சிட்டி கருவியில் கொடுங்கள்.

சரி, எடை. ஒவ்வொரு அடுக்கையும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு வகைப்படுத்தி, எடையால் பெருக்கி, ராஸ்டர் கால்குலேட்டரில் கூட்டுங்கள். நான் தொடங்குவது லீனியமென்ட் 35, சரிவு 25, பாறை 20, ஓடை 20 சதவீதம் என்று. அடுக்குகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை கணக்கிடும் ஏஹெச்பி முறை தெரிந்தால் இன்னும் நல்லது. ஒப்பீட்டின் முரண் விகிதம் 0.1-க்குள் இருக்கட்டும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. மலைமேல் நூபுர கங்கை ஊற்று எந்த வகையில் விழுகிறது என்று பாருங்கள். அடிவாரக் கிணறுகளில் கோடையில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கேட்டுக் குறியுங்கள். பொருந்தாவிட்டால் எடையை மாற்றி விளையாடாமல் லீனியமென்ட்டை மறுபடி பாருங்கள். நல்ல நிறம் விழுந்த இடத்துக்கு நேரே ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியைக் கூப்பிட வேண்டாம். 30 மீட்டர் கட்டத்துக்குள் ஒரு முழ வெடிப்பு எங்கே என்று வரைபடத்துக்குத் தெரியாது. அதற்கு, நிலத்தில் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடை ஆய்வு வேண்டும்.