எம்.எல்.ஏ., எம்.பி.யாக இருந்து நீதிபதியானவர்: பணி வரலாற்றுத் தாள் தயாரிக்கும் முறை

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, கொளத்தூர் பக்கம் படிப்பகங்களில் உட்கார்ந்து சிவில் நீதிபதி தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், ஜீவா ஸ்டேஷனில் ரயிலேறி பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரிக்குப் போய்வருகிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. சட்டம் இயற்றும் அவையில் இருந்துவிட்டு நீதிபதி நாற்காலிக்கு வந்தவர்களின் வரலாற்றை ஒரே தாளில் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்பதுதான் விஷயம்.

பெரும்பாலானோர் பதவியில் சேர்ந்த ஆண்டை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். இந்த வகை நீதிபதிகளுக்கு அது போதாது. எந்தத் தேதியில் விட்டார், எப்படி விட்டார் என்பதைத் தேடினால்தான் அரசியலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே இருந்த தூரம் தெரியும்.

ஒரு ஏ3 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து ஐந்து கட்டம் போடுங்கள்: பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, வந்த வழி, போன வழி. வந்த வழியில் தேர்தலா நியமனமா என்பதும், போன வழியில் பதவிக்காலம் முடிந்ததா, ராஜினாமாவா, ஓய்வு வயதா, தோல்வியா என்பதும் வரும். ஒவ்வொரு பதவிக்கும் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள். இடைவெளிகளை அங்கேதான் எழுத வேண்டியிருக்கும். முதல் தடவை பென்சில்தான்.

பழக வி.ஆர்.கிருஷ்ணய்யரை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி நிற்கும் பழைய சட்டக் கல்லூரியில் படித்தவர். 1952இல் கூத்துப்பறம்பு தொகுதியில் சுயேச்சையாக வென்று சென்னை மாநில சட்டமன்றத்துக்கு வந்தார். வழக்கமாகத் தப்பு நடக்கும் இடம் இது. கூத்துப்பறம்பு இன்று கேரளத்தில் இருப்பதால் ‘1952இல் கேரள எம்.எல்.ஏ.’ என்று எழுதிவிடுகிறார்கள். கேரள மாநிலம் பிறந்ததே 1956 நவம்பர் 1இல்தான். அதுவரை, கூத்துப்பறம்பு அடங்கிய மலபார் சென்னையோடு இருந்தது. தொகுதியின் பெயரைப் பார்த்து மாநிலத்தை ஊகிக்காமல், அந்தத் தேர்தலுக்கான தேர்தல் ஆணையப் புள்ளிவிவர அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது.

1957இல் தலச்சேரியில் வென்று கேரள முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையில் சேர்ந்தார். சட்டம், உள்துறை, சிறை உட்படப் பல துறைகள் அவரிடம் இருந்தன. 1959இல் ஆட்சி கலைக்கப்பட்டது. 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1980 நவம்பரில் ஓய்வு. அமைச்சர் பதவி போனதற்கும் நீதிபதியானதற்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. காலியாக விட்ட இரண்டு வரியில் இதை எழுதுங்கள்.

அடுத்து தகுதிச் சோதனை. அரசியலமைப்பின் 217ஆம் பிரிவுப்படி, வழக்கறிஞராக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதியாகிறவருக்கு உயர் நீதிமன்ற வழக்கறிஞராகப் பத்து ஆண்டுகள் வேண்டும். எம்.எல்.ஏ.வாக இருந்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டுமா என்று குழம்புகிறவர்கள் உண்டு. கழிக்க வேண்டியதில்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வழக்கறிஞர் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் அமைச்சராக இருந்த ஆண்டுகளை இதே கணக்கில் தானாகச் சேர்க்காதீர்கள். அந்தத் தீர்ப்பு அமைச்சர்களைப் பற்றியதல்ல.

இடைவெளியே இல்லாத வரலாறும் உண்டு. பஹருல் இஸ்லாம் அசாமிலிருந்து 1962இலும் 1968இலும் மாநிலங்களவைக்குப் போனவர். 1972இல் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்து நேரே கௌஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980 மார்ச்சில் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்று, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு எப்படி என்று கேட்பார்கள். 124ஆம் பிரிவு சொல்லும் தகுதிகளில் ஒன்று ஐந்தாண்டு உயர் நீதிமன்ற நீதிபதி அனுபவம். நியமன நாளில் அந்தப் பதவியில் இருக்க வேண்டும் என்பதில்லை. 1983 ஜனவரியில் ராஜினாமா, அதே ஆண்டு மறுபடி மாநிலங்களவை. போன வழி என்ற கட்டத்தில் வெறுமனே ‘ராஜினாமா’ என்று நிறுத்தாதீர்கள். பீகார் முன்னாள் முதல்வர் ஜகன்னாத் மிஸ்ரா மீதான வழக்கை வாபஸ் வாங்க அனுமதித்த தீர்ப்பில், 1982 டிசம்பரில், பெரும்பான்மைப் பக்கம் இருந்தவர் அவர். இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வையுங்கள். உள்நோக்கம் எதையும் எழுத வேண்டாம்; தேதிகள் எதிரே இருந்தால் படிப்பவர் தானே யோசிப்பார்.

கே.எஸ்.ஹெக்டேயின் தாளில் தேதிகள் வேறு விஷயம் பேசும். தென் கன்னடம் சென்னை மாநிலத்தோடு இருந்த காலத்தில், 1952 முதல் 1957 வரை சென்னையின் மாநிலங்களவை உறுப்பினர், அப்போது ஆண்ட காங்கிரஸைச் சேர்ந்தவர். பிறகு மைசூர் உயர் நீதிமன்றம், 1966இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி, 1967இல் உச்ச நீதிமன்றம். 1973 ஏப்ரலில் பணிமூப்பில் முன்னால் இருந்த அவரையும் ஷெலட், குரோவர் இருவரையும் தாண்டி மத்திய அரசு ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியபோது மூவரும் ராஜினாமா செய்தார்கள். 1977இல் ஹெக்டே மக்களவைக்கு வென்று சபாநாயகரானார். ஆளும் கட்சியில் இருந்து வந்தவர் ஆட்சிக்குத்தான் சாதகமாக இருப்பார் என்று எழுதத் துடிக்கும் கைக்கு இந்த ஒரு தாள் போதும்.

அமெரிக்க ஃபெடரல் நீதிபதிக்குத் தாள் போட்டால் ‘சேர்ந்த தேதி’ கட்டத்தை நான்காகப் பிரியுங்கள்: அதிபர் பெயரை அனுப்பிய நாள், செனட் ஒப்புதல், நியமன ஆணை, உறுதிமொழி. ஹியூகோ பிளாக் பத்து ஆண்டுகள் அலபாமாவின் செனட்டராக இருந்தவர். 1937 ஆகஸ்ட் 12இல் பெயர் போனது, 17இல் 63க்கு 16 வாக்குகளில் ஒப்புதல், 19இல் உறுதிமொழி. ஒரு புத்தகம் 12 என்றும் இன்னொன்று 17 என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் அவையில் இருக்கும் பதவிக்காலத்தில் ஊதியம் உயர்த்தப்பட்ட பதவிக்கு, அந்தக் காலம் முடியுமுன் அவரை நியமிக்கக் கூடாது என்று அவர்கள் அரசியலமைப்பில் விதி உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் நீதிபதிகளின் ஓய்வுச் சலுகையை மாற்றிச் சட்டம் வந்திருந்ததால் பிளாக் மீது ஆட்சேபம் எழுந்தது. வழக்குப் போட்டவருக்கு அதற்கான தகுதி இல்லையென்று தள்ளுபடி ஆனது.

மாநில அவையையும் மத்திய அவையையும் கலக்காதீர்கள். சாண்ட்ரா டே ஓ’கானர் இருந்தது அரிசோனா மாநில செனட்டில். 1975 முதல் அவர் வகித்தவை மாநில நீதிமன்றப் பதவிகள்; ஃபெடரல் நீதிபதியானது 1981இல், நேரே உச்ச நீதிமன்றத்தில்.

தீர்ப்புகளுக்குத் தனித் தாள் எடுங்கள். சிறைத்துறையைக் கவனித்த கிருஷ்ணய்யர் 1978இல் சுனில் பத்ரா வழக்கில் கைதிகளின் உரிமை பற்றி எழுதினார். இரண்டையும் பக்கத்தில் எழுதலாம். நடுவே ‘அதனால்’ போட வேண்டுமானால் தீர்ப்பின் வாசகத்திலேயே ஆதாரம் இருக்க வேண்டும்.

சரிபார்க்க, உச்ச நீதிமன்றத் தளத்தில் முன்னாள் நீதிபதிகள் பக்கமும், மாநிலங்களவையின் முன்னாள் உறுப்பினர் குறிப்புகளும் உதவும். அமெரிக்கர்களுக்கு ஃபெடரல் ஜுடிஷியல் சென்டரின் நீதிபதிகள் அகராதி. ஒவ்வொரு தேதிக்கும் அவைப் பக்க ஆதாரம் ஒன்று, நீதிமன்றப் பக்க ஆதாரம் ஒன்று என்று இரண்டு கிடைத்த பிறகே பென்சிலை அழித்துப் பேனாவால் எழுதுங்கள். அமெரிக்க ஃபெடரல் நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது. 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் ஆனபின் குறைந்த பொறுப்போடு ‘சீனியர்’ நிலைக்கு மாறலாம். அந்தத் தேதியை ‘விட்ட தேதி’ கட்டத்தில் எழுதிவிடாமல் கீழே தனி வரியில் குறியுங்கள்.