பாலத்தை வைத்து ஆண்டைக் கண்டுபிடிப்பது: சிங்கப்பூர் ஆற்றின் பழைய படங்கள்

சிங்கப்பூர் ஆற்றின் பழைய படம் ஒன்று கைக்கு வந்தால், பின்புறம் எழுதியிருக்கும் ஆண்டை உடனே நம்பிவிடாதீர்கள். வீட்டில் யாரோ பிற்காலத்தில் ஊகமாக எழுதியதாக இருக்கலாம். அஞ்சலட்டை என்றால், பழைய நெகட்டிவை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கழித்தும் அச்சடித்து விற்றிருப்பார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் எந்தப் பாலம் எப்போது வந்தது, எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது என்பதெல்லாம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் பெரும்பாலான படங்களைப் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிட முடியும்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு எண்களைத் தேடுங்கள். படத்தில் தெரியும் பொருள்களில் கடைசியாக வந்தது எது? அந்த ஆண்டுக்கு முன்னால் படம் எடுத்திருக்க முடியாது. அங்கே தெரிந்திருக்க வேண்டியவற்றில் இன்னும் வராதது எது? அந்த ஆண்டுக்குப் பின்னால் எடுத்திருக்க முடியாது. இரண்டாவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு கட்டடம் படத்தில் இல்லை என்பது மட்டும் போதாது. கேமரா நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தே ஆக வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை, கேமரா எங்கே நின்றது என்று பார்ப்பது. முகத்துவாரத்துப் பக்கம் நின்று ஆற்றின் மேல்திசையைப் பார்த்தால், வில்லாக வளைந்து செல்லும் போட் கீ கடைவீடுகள் இடக்கைப் பக்கம் வரும். எம்பிரஸ் பிளேஸ் அரசு அலுவலகக் கட்டடம் வலக்கைப் பக்கம். இது மாறியிருந்தால் படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கிறது. ஸ்லைடுகளிலும் கண்ணாடி நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதிகளிலும் இது அடிக்கடி நடக்கும். கடைப் பலகை எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சந்தேகம் தீரும். திரும்பிய படம் என்று தெரியாமல் மேற்கொண்டு போனால் எல்லாமே தப்பாகிவிடும்.

இனிப் பாலங்கள். கடலிலிருந்து உள்ளே போகும் வரிசையில் எஸ்பிளனேட், ஆண்டர்சன், கேவனா, எல்ஜின், கோல்மன், ரீட், ஆர்ட், கிளெமென்சோ. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

கேவனா பாலம் 1869இல் வந்தது. இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தன. சிங்கப்பூரில் கைதிகளின் உழைப்பில் நடந்த கடைசிப் பெரிய வேலைகளில் இதுவும் ஒன்று. இரு முனையிலும் கோபுரங்கள், அவற்றின் உச்சியிலிருந்து தளத்துக்குச் சாய்வாக இறங்கும் கம்பிகள்: இந்த அடையாளம் வேறு எந்தப் பாலத்துக்கும் கிடையாது. ஆண்டர்சன் பாலம் 1910 மார்ச்சில் திறக்கப்பட்டது. சாலைக்கு மேலே எழும்பும் எஃகு வளைவுகளும் இரு முனையிலும் கல் வாசல்களும் இருந்தால் அதுதான். பழைய ஆல்பங்களில் இரும்பாக எது தெரிந்தாலும் ‘கேவனா’ என்று எழுதிவிடுவார்கள். கோபுரம் இருக்கிறதா, வளைவு இருக்கிறதா என்று பார்த்தாலே இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆண்டர்சன் வந்ததும் கனத்த போக்குவரத்து அங்கே மாறியது, கேவனா நடைபாலமாயிற்று. அதனால் கேவனா மேல் குதிரை வண்டியோ மாட்டு வண்டியோ போனால் படம் 1910க்கு முந்தியது என்று கொள்ளலாம். ரிக்‌ஷாவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல வேண்டாம். பாலத்து முனையில் இன்றும் நிற்கும் அறிவிப்புப் பலகை மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டிகளையும் மாடு, குதிரைகளையும்தான் தடுக்கிறது. ஆள் இழுக்கும் ரிக்‌ஷா சிங்கப்பூருக்கு வந்தது 1880இல், ஒழிக்கப்பட்டது 1947இல். இது அகலமான எல்லை. வேறு சான்று கிடைக்காதபோது மட்டும் உதவும்.

எல்ஜின் பெயரில் இரண்டு பாலங்கள் உண்டு. முதலாவது 1862இல் வந்த இரும்புப் பாலம். இப்போதிருக்கும் கான்கிரீட் வளைவுப் பாலம் 1929இல் திறக்கப்பட்டது. கோல்மனில் இன்னும் கவனம் வேண்டும். 1840இல் செங்கல், 1865இல் மரம், 1886இல் இரும்பு, 1990இல் கான்கிரீட் என்று ஒரே இடத்தில் நான்கு பாலங்கள். கடைசியாகக் கட்டியபோது பழைய விளக்குக் கம்பங்களையும் கைப்பிடி வேலையையும் பேணியிருப்பதால் சிறிய படத்தில் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. ஆர்ட் 1886, ரீட் 1889, கிளெமென்சோ 1940. எஸ்பிளனேட் பாலம் 1997. முகத்துவாரத்தில் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை இருந்து, அதன் முன்னால் பாலம் எதுவும் இல்லையென்றால் படம் 1972க்கும் 1997க்கும் இடைப்பட்டது.

பாலம் தரும் இடைவெளியைக் கட்டடங்கள் சுருக்கும். விக்டோரியா மண்டபத்தின் மணிக்கூண்டு 1906இல் முடிந்தது. ராஃபிள்ஸ் சிலை 1887 முதல் பாடாங் திடலில் இருந்தது, 1919இல் எம்பிரஸ் பிளேசுக்கு மாறியது. தூண் வரிசையோடு நிற்கும் ஃபுல்லர்டன் கட்டடம் 1928. உச்ச நீதிமன்றக் குவிமாடம் 1939. பேங்க் ஆஃப் சைனா கட்டடம் 1954, ஓசிபிசி சென்டர் 1976, ஓயுபி சென்டர் 1986.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கேவனாவும் ஆண்டர்சனும் தெரிகின்றன: 1910க்குப் பின். எம்பிரஸ் பிளேசில் ராஃபிள்ஸ் சிலை நிற்கிறது: 1919க்குப் பின். ஃபுல்லர்டன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு பழைய கட்டடம் இருக்கிறது. திறப்பு 1928 என்றாலும், இடிப்பதும் எழுப்புவதும் சில ஆண்டுகள் பிடித்த வேலை; ஆகவே மேல் எல்லையை 1920களின் நடுவுக்கு இறக்கலாம். ‘1919–1925 வாக்கில்’ என்று எழுதுங்கள். பின்புறம் ‘1935’ என்று இருந்தால் அதையும் அடிக்காமல் அப்படியே குறித்து வையுங்கள். அது அச்சடித்த ஆண்டாகவோ வாங்கிய ஆண்டாகவோ இருக்கலாம்.

படகுகள் நல்ல சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகக் கரையிலிருந்து போன சூலியாக்கள். போட் கீக்குப் பின்னால் இருக்கும் சூலியா தெரு அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது. முகப்பில் கண் வரைந்த சீனத் துவாக்கோ சரக்குப் படகுகள் பிறகு ஆற்றை நிறைத்தன. துடுப்பும் பாயும் இல்லாத விசைப்படகுகள் பெருகியிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது என்று எண்ணத் தொடங்கலாம். ஆற்றைத் துப்புரவு செய்யும் வேலை 1977இல் தொடங்கியது. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. படகே இல்லாத ஆறு, கரையில் சாயம் போன கடைவீடுகள் என்றால் 1983க்கும் அந்த வட்டாரம் பழமை மாறாமல் பேணும் மரபுப் பகுதியாக அறிவிக்கப்பட்ட 1989ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட படம். கேவனாவின் அடியில் படகுகள் நெருக்கியடித்துக் காத்திருந்தால் நீரேற்ற நேரம் என்று ஊகிக்கலாம்; அந்தப் பாலம் தாழ்வாக அமைந்ததால் நீர் உயர்ந்தபோது படகுகள் நுழைய முடியாமல் நின்றன.

அடுத்து, தாளைப் பாருங்கள். பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் பிரதி, உண்மையான புகைப்படம் அல்ல. தாள் மிக மெல்லியதாக, அட்டையில் ஒட்டி, பழுப்பு நிறத்தில், வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்து இருந்தால் பெரும்பாலும் முட்டை வெள்ளைப் பூச்சு கொண்ட ஆல்புமென் படம். 1890களோடு அதன் காலம் ஏறக்குறைய முடிகிறது. சிங்கப்பூரில் இயங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் புகைப்பட நிலையத்தின் படங்களில் பல இந்த வகை. அஞ்சலட்டையின் பின்புறம் முகவரிக்கு மட்டும் இடம் விட்டு, நடுக்கோடு இல்லாமல் இருந்தால் அட்டை 1907க்குப் பிந்தியதாக இருப்பது அரிது. அஞ்சல் முத்திரையோ அட்டை அனுப்பிய நாளைத்தான் சொல்லும். படம் அதற்கு முந்தியது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கையால் வண்ணம் தீட்டிய அட்டைகளில் வானம், கொடி, உடை நிறம் எதையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். மேகங்களைக்கூட வரைந்து சேர்த்திருப்பார்கள்.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள். தாளின் பழுப்பும் கறையும் காலத்தைச் சொல்லும் தடயங்கள். 14 × 9 செ.மீ. அஞ்சலட்டைக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் ஏறத்தாழ 3,300 × 2,100 பிக்சல் கிடைக்கும். கடைப் பலகையைப் படிக்க இது பெரும்பாலும் போதும். அதைவிடச் சிறிய படத்துக்கு 1200. டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். தானாகக் கூர்மையாக்குவது, தூசி நீக்குவது இரண்டையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் மென்பொருள் தூரத்துக் கொடிமரத்தையும் விளக்குக் கம்பத்தையும் தூசி என்றே அழித்துவிடும். பின்புறத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். சுருண்ட ஆல்புமென் படத்தைக் கண்ணாடியில் அழுத்தினால் மேல்பூச்சு வெடிக்கும். அதை மேலிருந்து கேமராவில் எடுப்பதே சரி. ஒட்டும் தாள் ஆல்பத்தில் மாட்டிக்கொண்ட படத்தைப் பிடித்து இழுக்காமல், பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுங்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்து விட்டுவிடுங்கள்.

படத்தின் பின்னால் எழுத வேண்டியிருந்தால் மென்மையான பென்சில் மட்டுமே, அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவின் பள்ளம் முன்பக்கம் வரை தெரியும்.

இடைவெளி இன்னும் அகலமாக இருந்தால் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் படத் தொகுப்பில் அதே கோணத்தைத் தேடி ஒப்பிடுங்கள். அங்கும் தலைப்பிலுள்ள ஆண்டைவிடப் படத்திலுள்ளதற்கே முதலிடம். பிறகு தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் பாலத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் இருக்கின்றன. தேடும்போது அன்றைய பெயர்களையும் போட்டுப் பாருங்கள். சூலியா தெருவின் ஒரு பகுதிக்கு 1920களின் தொடக்கம் வரை கிளிங் தெரு என்றே பெயர், மார்க்கெட் தெரு நம்மவர் வாயில் செட்டித் தெரு.