புற்றுநோய்ப் பரிசோதனைத் தகவலை ஊருக்குப் புரியும்படி எழுதுவது எப்படி?

ஒரு பரிசோதனை முகாமுக்கு இரண்டு தாள் வேண்டும். ஒன்று, வாருங்கள் என்று அழைக்கும் தாள். மற்றது, முடிவு தெரிந்தபின் என்ன செய்வது என்று சொல்லும் தாள். முதலாவதை எல்லோரும் அச்சடிக்கிறார்கள், இரண்டாவதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. மறுபடி வரச் சொன்ன பெண் பயந்துபோய் வராமலே இருந்துவிட்டால், அவரைப் பொறுத்தவரை முகாம் நடந்தும் பயனில்லை. அதனால் இந்த விளக்கத்தில் இரண்டாவது தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். மகளிர் குழு, மீனவர் சங்கம், ஜமாஅத், பங்குப் பேரவை என்று எதன் சார்பிலாவது முதல்முறையாக எழுத உட்காருகிறவர்களுக்கு இது உதவும்.

படி 1: எழுதுமுன் கேளுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரிடம் ஐந்து விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தச் சோதனை, எந்த வயதுக்கு, பார்ப்பவர் ஆணா பெண்ணா, முடிவு எப்போது கிடைக்கும், மேல் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவார்கள்.

தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தின்படி 30 வயது முதல் 65 வரை ஆண், பெண் இருவருக்கும் வாய்ப் பரிசோதனை உண்டு. பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவை 5 ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பப்பை வாய்க்கு எந்த முறை என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறை என்றால் முடிவு அங்கேயே தெரியும். ஹெச்.பி.வி. சோதனை, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என்றால் மாதிரி ஆய்வகத்துக்குப் போய் வர நாளாகும். இது தெரியாமல் “உடனே முடிவு” என்று எழுதிவிட்டால், அன்று வெறுங்கையோடு வீடு திரும்பியவர் அடுத்த அழைப்பை நம்பமாட்டார்.

படி 2: நாளும் நேரமும்

கடற்கரையில் நாள் குறிப்பது தனி வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பது அப்போதுதான், வாய்ப் பரிசோதனைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் நீரோட்டம் பார்த்துத்தான் கடலுக்குப் போவார்கள். அவர்களிடம் கேட்காமல் “மாதத்தின் முதல் செவ்வாய்” என்று வைத்தால் யாரும் வரமுடியாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் ஜும்ஆ தொழுகை இருக்கும் வெள்ளி மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

தாளில் தேதி, கிழமை, நேரம், இடத்துக்கு அடையாளம் நான்கும் வேண்டும். “இலவசம்” என்று மட்டும் போட்டால் போதாது. பேருந்துக்கு என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி. பெண்கள் கட்டணமில்லாமல் போகக்கூடிய சாதாரண நகரப் பேருந்து அந்தத் தடத்தில் ஓடுகிறதா என்று விசாரித்து, ஓடினால் நேரத்தோடு போடுங்கள்.

படி 3: அழைப்புத் தாள்

ஒரு தாளில் ஒரு சோதனை, ஒரு வேலை. மூன்று புற்றுநோயையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது. கர்ப்பப்பை வாய்க்கான மாதிரி இது:

“30 வயது ஆன பெண்களே, கர்ப்பப்பை வாயைச் சோதித்துக்கொள்ள வாருங்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் வாருங்கள். பெண் செவிலியர் தனி அறையில் பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிலக்கு நாளாக இருந்தால் நின்றபிறகு வாருங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.”

இரண்டாவது வரியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். பலர் தாளில் அறிகுறிகளை வரிசையாக எழுதுவார்கள். அதைப் படிக்கிறவர், “எனக்கு இதெல்லாம் இல்லையே” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். கர்ப்பப்பை வாயில் மாற்றம் தொடங்கிப் புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு பிடிக்கும். அந்த இடைவெளியில் எந்தத் தொந்தரவும் தெரியாது, கண்டுபிடித்துச் சரிசெய்வதும் அப்போதுதான் எளிது.

அறிகுறி இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: “உறவுக்குப் பின்னோ, மாதவிலக்கு முற்றிலும் நின்றபிறகோ ரத்தம் பட்டால், மார்பில் கட்டி தென்பட்டால், வாயில் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் போங்கள்.”

உள்ளே என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். படுக்கவைத்து, சிறு கருவியால் உள்ளே பார்ப்பார்கள். பஞ்சில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற திரவத்தைத் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். லேசாக எரியலாம். மாறுதல் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இவ்வளவுதான் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மாதவிலக்கு முற்றிலும் நின்றவர்களுக்கு இந்த முறையில் சரிவரத் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வேறு சோதனை சொன்னால் அது நோய் என்று பொருளல்ல என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

வாய்ப் பரிசோதனைத் தாள் எளிது. வாய் கொப்பளித்துவிட்டு வரவேண்டும், பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும், டார்ச் அடித்து கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கடி, ஈறு, அண்ணம் பார்ப்பார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் திட்டுவார்கள் என்று பயந்துதான் ஒதுங்குகிறார்கள். “புகையிலை போடுகிறவர்கள் அவசியம் வாருங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்” என்று எழுதுங்கள். அதை முகாமில் உட்காருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

படி 4: முடிவுத் தாள்

“பாசிட்டிவ்”, “நெகட்டிவ்” இரண்டையும் தனியே விடாதீர்கள். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று நினைத்துச் சந்தோஷமாகப் போகிறவர்கள் உண்டு, புற்றுநோய் வந்துவிட்டது என்று உடைந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. சீட்டில் அந்தச் சொல் இருக்கும் என்பதால் தாளிலும் போட்டு, பக்கத்திலேயே விளக்குங்கள்:

“நெகட்டிவ்: இப்போது மாற்றம் எதுவும் தெரியவில்லை. அடுத்த சோதனை ____ ஆண்டு. இடையில் ரத்தம் பட்டால் அதற்குமுன்பே வாருங்கள்.”

“பாசிட்டிவ்: ஒரு மாற்றம் தெரிகிறது. இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. என்னவென்று உறுதியாகத் தெரிய இன்னொரு சோதனை வேண்டும். ____ தேதி, ____ மருத்துவமனை, அறை எண் ____. கூட வருபவர் ____.”

கோடிட்ட இடங்களைச் செவிலியர் அங்கேயே பேனாவால் நிரப்ப வேண்டும். நிரப்பாத தாள் வெறும் அறிவுரையாகிவிடும். “மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது” என்று எழுதினால் எங்கே, எப்போது என்று யாருக்கும் தெரியாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 55 கிலோமீட்டர். ஒருநாள் கூலியை விட்டு அவ்வளவு தூரம் போகிறவர், தவறான கிழமையில் போய்த் திரும்பினால் இரண்டாவது முறை போகமாட்டார். அதனால் அந்தப் பிரிவு எந்தெந்த நாள் இயங்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து எழுதுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: சோதனைச் சீட்டு, ஆதார், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை. சந்தேகம் இருந்தால் கூப்பிட 104, அரசின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண்.

சதை எடுத்துச் சோதிப்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். “சதை எடுத்தால் நோய் பரவிவிடும்” என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. “நோய் இருக்கிறதா, இல்லையா என்று உறுதியாகச் சொல்வது இந்தச் சோதனைதான். இதனால் நோய் பரவாது” என்று நேராகவே எழுதுங்கள்.

முடிவை அந்தப் பெண்ணின் கையில் மட்டும் கொடுங்கள். பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு “உங்களுக்கு மறுபடி வரணும்” என்று சொன்னால், தெருவுக்கே தெரிந்துவிடும். குழு வாட்ஸ்ஆப்பில் பட்டியல் போடவே கூடாது.

படி 5: எண்கள்

சதவீதம் வேண்டாம், ஆள் கணக்கில் சொல்லுங்கள். “வந்தவர்கள் 100 பேர், மறுபடி வரச் சொன்னது ____ பேர், அவர்களில் புற்றுநோய் உறுதியானது ____ பேர்.” உங்கள் வட்டாரப் பதிவேட்டின் கணக்கைச் செவிலியரிடம் கேட்டுப் போடுங்கள். முதல் வரியில் 100 என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் “20-ல் ஒருவர்” என்று மாற்றினால் குழப்பம்தான்.

படி 6: வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்

அச்சுக்கு அனுப்புமுன் ஐந்து பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். அதில் இரண்டு பேராவது எழுத்து வாசிக்காதவர்களாக இருக்கட்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “மதினி, இதை உங்க தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அவர் வாயிலிருந்து வரும் சொல் உங்கள் சொல்லைவிட நன்றாக இருந்தால் தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தவறாகச் சொன்னால் அந்த வரியைப் புதிதாக எழுதி, வேறு ஆட்களிடம் காட்டுங்கள்.

படி 7: அச்சும் குரலும்

ஏ4 தாளில் ஒரு பக்கம் போதும், எழுத்து 14 புள்ளிக்குக் குறையக்கூடாது, தலைப்பு 20. வரிகளுக்கிடையில் இடம் விடுங்கள். அழுகிய வாய், கிழிந்த கன்னப் படம் போடாதீர்கள். பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், வரிகளைப் படிக்கமாட்டார். பெருக்கல் குறி போட்ட படத்தைச் சிலர் “இதைச் செய்” என்று எடுத்துக்கொள்கிறார்கள். செய்ய வேண்டியதை மட்டும் வரையுங்கள்.

அதே செய்தியை ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவாக்கி, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெண் குரலில் அனுப்புங்கள். தாளின் அடியில் “இந்தத் தகவல் ____ வரை செல்லும்” என்று தேதி போட்டு, அந்த நாள் கழிந்ததும் மீன் ஏலக்கூடம், ரேஷன் கடை, பள்ளிவாசல், கோயில், தேவாலயச் சுவர்களில் ஒட்டியவற்றைக் கிழித்துவிடுங்கள்.